மகள் இரவு 2 மணி வரை தூங்குவதில்லை. பாலில் ஜாதிக்காய் கலந்து கொடுக்கலாமா?

வாசகி ஒருவர் பட்டர்வொர்த்திலிருந்து எழுதியிருக்கிறார்:

"வணக்கம் மேடம். என் மகளுக்கு 17 வயது. படிவம் 5, இந்த வருடம் எஸ்பிஎம். காலை ஐந்தரைக்கு எழும்புகிறாள், பசியாறாமலே பள்ளிக்குப் போய்விடுகிறாள். கேன்டீனில் எதுவும் வாங்குவதில்லை. இரண்டரைக்கு வந்து கொஞ்சம் சோறு, உடனே ஒரு தே. அப்படியே படுத்தால் ஐந்தரை வரை தூக்கம். எழுந்து பெரிய கோப்பையில் இன்னொரு தே, அப்புறம் டியூஷன். ஒன்பதரைக்குத் திரும்பி வந்து இரண்டு சப்பாத்தி சாப்பிடுவாள். இரவில் சோறு கூடாது என்று இணையத்தில் பார்த்து நான்தான் நிறுத்தினேன். பத்து மணிக்குப் பாக்கெட் காப்பி, ஒரு மணிக்கு மெகி மீ. படுக்கும்போது இரண்டாகிவிடுகிறது. எதற்கெடுத்தாலும் கோபம், சில நாள் காரணமே இல்லாமல் அழுகிறாள். நான் பிறையில் ஷிஃப்ட் வேலை, பாட்டிதான் வீட்டில் பார்த்துக்கொள்கிறார். பாலில் ஜாதிக்காய் உரசிக் கொடுக்கலாம் என்கிறார் பாட்டி. என் தோழி இணையத்தில் விற்கும் தூக்க மிட்டாயை வாங்கச் சொல்கிறாள். எது நல்லது? படுத்தாலும் கால் குடைகிறது என்று காலை உதறிக்கொண்டே இருக்கிறாள். அதற்குத் தைலம் தேய்த்து விடுகிறேன்."

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எது எத்தனை மணிக்கு என்று இவ்வளவு விவரமாக எழுதியதால் என் வேலை பாதி முடிந்தது. எந்த உணவைக் கொடுத்தால் பிள்ளை தூங்குவாள் என்று கேட்கிறீர்கள். அப்படி ஒரு உணவைத் தேட வேண்டாம் என்பதுதான் என் பதில். தூங்க வைக்கும் பொருள் எதுவும் அவளுக்குக் குறைவாக இல்லை. பகலில் சாப்பிட வேண்டியதெல்லாம் இரவுக்குத் தள்ளிப் போயிருக்கிறது. அதைப் பகலுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிள்ளை சோம்பேறி என்று நினைத்து மனம் வருந்தாதீர்கள். பருவ வயதில் உடலின் கடிகாரமே பின்னால் தள்ளிப் போகிறது. தூக்கத்துக்கு அறிகுறி காட்டும் மெலடோனின் என்ற சுரப்பு, சின்ன வயதில் இருந்ததைவிடத் தாமதமாகத்தான் ஊறத் தொடங்கும். சில பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரம்கூடத் தள்ளிப் போகும். இரவு 9 மணிக்குப் படு என்றால் 17 வயதுப் பிள்ளைக்குத் தூக்கம் வராது, வேண்டுமென்று அடம் பிடிக்கிறாள் என்று எண்ண வேண்டாம். ஆனால் பள்ளி மணி அவளுக்காகத் தள்ளிப் போவதில்லை. 13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. உங்கள் மகள் இரவில் தூங்குவது மூன்றரை மணி நேரம். மீதியை மதியத்தில் கடனடைக்கிறாள், அந்த மதியத் தூக்கமே மறுபடி இரவுத் தூக்கத்தைத் தள்ளிவிடுகிறது.

என் அறைக்கு வரும் பிள்ளைகளிடம் முதலில் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டுவேன். ஒரு நீளக் கோடு போட்டு, காலை 5 மணி முதல் இரவு 2 மணி வரை குறித்து, நேற்று வாயில் போட்டதையெல்லாம் அந்தந்த மணிக்கு நேராக எழுதச் சொல்வேன். உங்கள் மகளுக்காக நானே இன்று அந்தக் கோட்டைப் போட்டுப் பார்த்தேன். இரவு ஒரு மணிக்கு மெகி மீ, அடுத்த சாப்பாடு மறுநாள் மதியம் இரண்டரைக்கு. நடுவில் பதின்மூன்றரை மணி நேரம் எதுவுமே இல்லை. அந்த நேரத்தில்தான் அவள் கணக்கும் வேதியியலும் படிக்கிறாள். ஒன்பதரைக்குப் பிறகுள்ள பக்கமோ நெருக்கமாக நிரம்பியிருக்கிறது: சப்பாத்தி, காப்பி, மீ. நீங்களும் இன்றிரவு ஒரு தாளில் இதைப் போட்டு அவளிடமே காட்டுங்கள். திட்டாமல் காட்டுங்கள். தன் கண்ணால் பார்த்தபின் பிள்ளைகள் பேசும் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

காலையில் பசிக்கவில்லை என்று சொல்வாளே? உண்மையாகத்தான் சொல்கிறாள். ஒரு மணிக்கு எண்ணெயும் உப்பும் நிறைந்த மீயைச் சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் படுத்தவளுக்கு ஐந்தரைக்கு எப்படிப் பசிக்கும்? தூக்கம் குறைந்தால் பசியின் கணக்கும் புரளும். சிகாகோவில் 2004இல் இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் படுக்க விட்டுப் பார்த்தார்கள். வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு கூடியது. அவர்களுக்கு இனிப்பின் மீதும் மாவுப் பண்டத்தின் மீதும்தான் ஆசை அதிகமானது. உங்கள் மகள் ஒரு மணிக்கு அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் கொதிக்க வைப்பதை நாக்கு ருசி என்று மட்டும் பார்க்காதீர்கள். தூக்கம் கெட்டதால் மீ, மீ சாப்பிட்டதால் காலையில் பசியில்லை, காலையில் வெறும் வயிறு என்பதால் மதியம் அசதி. எங்கேயாவது ஓரிடத்தில் இதை அறுக்க வேண்டும்.

நான் அறுக்கச் சொல்லும் இடம் மாலை. இரவு மீயைப் பிடுங்கி வைத்தால் சண்டைதான் வரும். மாலையில் வயிறார ஒரு சாப்பாடு கொடுத்தால் இரவில் மீயைத் தேடும் தேவையே குறைந்துவிடும்.

இந்தச் சோற்று விஷயத்தைக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் நிறையத் தாய்மார் இப்போது இதைத்தான் செய்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ள அப்பாவுக்குச் சொன்னதை வீட்டில் எல்லோருக்கும் சட்டமாக்கிவிடுகிறோம். வளரும் பிள்ளைக்கு இரவுச் சோறு விஷமில்லை. சிட்னியில் 2007இல் 12 ஆரோக்கியமான ஆண்களை வைத்து ஒரு சின்ன ஆய்வு செய்தார்கள். படுப்பதற்கு நான்கு மணி நேரம் முன்னால் மல்லிகை அரிசிச் சோறு சாப்பிட்ட அன்று, மெதுவாகச் செரிக்கும் அரிசியைச் சாப்பிட்ட அன்றைவிடச் சீக்கிரமாகத் தூங்கினார்கள்: பதினேழரை நிமிடம் ஒன்பதாகக் குறைந்தது. 12 பேரை வைத்து ஊருக்கெல்லாம் சட்டம் எழுத முடியாது, சோற்றைத் தூக்க மருந்து என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் சோற்றுக்குப் பயப்பட இதில் ஒன்றுமில்லை. சோற்றை அவளுக்குத் திருப்பிக் கொடுங்கள், நேரத்தை மட்டும் முன்னால் கொண்டுவாருங்கள். டியூஷனுக்குப் போகுமுன், ஆறு ஆறரைக்கு, உட்கார்ந்து சாப்பிடட்டும். நம் சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' (மலாயில் கால், கால், அரை) தட்டை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ முட்டையோ தவ்வோ, அரைத் தட்டு காய்கறியும் பழமும். அந்த அரைத் தட்டில் உள்ள நார்ச்சத்துக்கும் தூக்கத்துக்கும் தொடர்பு இருக்கிறது. அமெரிக்காவில் 2016இல் வெளியான ஓர் ஆய்வில், நார்ச்சத்து குறைந்து கெட்ட கொழுப்பு கூடிய நாட்களில் ஆழ்ந்த தூக்கம் குறைந்திருந்தது.

இரவு ஒன்பதரைக்கு வந்ததும் பசித்தால் லேசாக ஏதாவது போதும். இரண்டு துண்டு ரொட்டியில் கடலை வெண்ணெய் தடவி ஒரு வாழைப்பழம், அல்லது ஓர் அவித்த முட்டை. பசியோடு படுக்கச் சொல்லாதீர்கள், அதுவும் தூக்கத்தைக் கெடுக்கும்.

அடுத்தது காப்பி, தே. நாள் முழுக்க விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற ஒன்று சேர்ந்துகொண்டே வரும். அது சேரச் சேரத்தான் கண் சொக்கும். காப்பியிலும் தேயிலும் உள்ள காஃபீன் அந்த அடினோசினைக் குறைப்பதில்லை. அது போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். அசதி உள்ளே அப்படியே இருக்கும், பிள்ளைக்குத் தெரியாது. குடித்த காஃபீனில் பாதி உடலை விட்டு வெளியேறவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். பத்து மணிக்குக் குடித்த காப்பியில் பாதி, மூன்று மணிக்கும் அவளுக்குள் இருக்கிறது. மாலை ஐந்தரைக்குக் குடித்த பெரிய கோப்பைத் தேயின் பாதி, இரவு பத்தரைக்கு அடுத்த காப்பியோடு சேர்ந்துகொள்கிறது. தேயில் ஒன்றுமில்லை, காப்பிதான் கெடுதல் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. காப்பியின் பாதி அளவு காஃபீனாவது தேயிலும் இருக்கும், கடுஞ்சாயமாகக் கலக்கினால் அதற்கு மேலும் போகும். இளம் வயதினருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்ன வரம்பு. 48 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 144 மில்லிகிராம். இரண்டு தே, ஒரு காப்பி என்றால் அந்த வரம்பைத் தொட்டுவிடலாம். இதற்கு மேல் சக்தி பானம் ஏதாவது வாங்கிக் குடிக்கிறாளா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். 250 மில்லி டின் ஒன்றில் 80 மில்லிகிராம் அளவில் காஃபீன் இருக்கும், டியூஷன் போகும் பிள்ளைகள் கையில் அது இப்போது சாதாரணமாக இருக்கிறது.

ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள், தலைவலி வரும், பரீட்சை வருடத்தில் அது வேண்டாம். முதல் வாரம் இரவுக் காப்பியை மட்டும் எடுத்துவிடுங்கள். அடுத்த வாரம் மாலைத் தேயை நான்கு மணிக்கு முன் கொண்டுவாருங்கள், கோப்பையையும் சின்னதாக்குங்கள்.

இப்போது உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிக்கு வருகிறேன். எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அதுதான். படுத்தால் கால் குடைகிறது, உதறிக்கொண்டே இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளிடம் இதைக் கேளுங்கள்: கால் வலிக்கிறதா, அல்லது ஆட்டியே ஆக வேண்டும் போல உள்ளே ஏதோ ஊர்கிறதா? எழுந்து நடந்தால் சரியாகிவிடுகிறதா? இரவில்தான் அதிகமா? ஆட்டத்தான் தோன்றுகிறது, நடந்தால் சரியாகிறது, இரவில்தான் அதிகம் என்றால் தைலத்தோடு நிறுத்தாதீர்கள். இது அமைதியற்ற கால் நோயாக இருக்கலாம், பல சமயம் இதன் பின்னால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கும். மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைச் செய்ய இரும்பு வேண்டும். இரும்பு குறைந்தால் அந்த வேலை தடுமாறும், கால் சும்மா இருக்காது. காஃபீனும் சிலருக்கு இதை அதிகமாக்கும்.

17 வயதுப் பெண் பிள்ளைக்கு இரும்பு குறைவது அபூர்வமே இல்லை. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், பிள்ளைப்பேறு வயதிலுள்ள மலேசியப் பெண்களில் பத்துக்கு மூவருக்கு ரத்தச்சோகை இருந்தது. மாதவிடாயில் ரத்தம் போகிறது, காலையில் சாப்பாடு இல்லை, மதியம் கொஞ்சூண்டு சோறு, அதன் மேலேயே தே. அந்தத் தே இங்கே இரண்டாவது முறையும் கெடுதல் செய்கிறது. தேயிலையில் உள்ள துவர்ப்பு, பருப்பிலும் கீரையிலும் இருக்கும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடலுக்குக் கிடைப்பது பாதிக்கும் கீழே போய்விடக்கூடும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். தட்டில் ஓரிரு லீமாவ் கஸ்தூரி பிழிந்துவிடுங்கள், சாப்பிட்டதும் இரண்டு துண்டு கொய்யா கொடுங்கள். வைட்டமின் சி இருந்தால் கீரையின் இரும்பு உடலில் நன்றாகச் சேரும். கோழி ஈரல், ஆட்டிறைச்சி, சாடின் மீன் இவற்றின் இரும்பு இன்னும் எளிதாகச் சேரும். ஈரல் வாரம் ஒருமுறை போதும்.

ஆனால் கடைக்குப் போய் இரும்பு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். குடிமக்களுக்கு அங்கே ஒரு வெள்ளிதான். டாக்டரிடம் கால் குடைச்சலையும் மாதவிடாய் எப்படி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் காலியாக இருக்கலாம். 'ரத்தம் நார்மல்' என்று ஒரு வார்த்தை கேட்டுத் திரும்பி வந்து, மாதக்கணக்கில் கால் உதறிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: நம் நாட்டில் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபணு உள்ளவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அதிலும் ஹீமோகுளோபின் குறைவாகக் காட்டலாம், ஆனால் அதற்கு இரும்பு மருந்தில்லை. படிவம் 4இல் பள்ளியில் தலசீமியா பரிசோதனை நடக்கும். சென்ற வருடம் மகளுக்கு எடுத்திருந்தால் அந்த முடிவைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.

அப்புறம் பாட்டியின் ஜாதிக்காய். பினாங்கில் வளர்ந்தவர்களுக்கு ஜாதிக்காய் ஜூஸும் ஊறுகாயும் புதிதில்லை, பாலிக் பூலாவுக்குப் போனால் கை நிறைய வாங்கி வருவோம். அதெல்லாம் பழத்தின் சதை. பாட்டி உரசச் சொல்வது உள்ளே இருக்கும் கொட்டை. பாலில் ஒரே ஒரு சிட்டிகை என்றால் கெடுதல் இல்லை, தூக்கம் வரும் என்பதற்கு உறுதியான ஆதாரமும் இல்லை. பயம் அளவு கூடினால்தான். 'நேற்று வேலை செய்யவில்லை, இன்று ஒரு கரண்டி போடு' என்று ஆகிவிடக்கூடாது. ஐந்து கிராம் அளவுக்குப் போனாலே வாந்தி, படபடப்பு, மனக்குழப்பம் வரலாம். பாட்டியிடம் இதை மரியாதையாகச் சொல்லுங்கள். பாலை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள். பாலில் டிரிப்டோபன் இருக்கிறது, அதிலிருந்துதான் உடல் மெலடோனினைச் செய்கிறது என்பது உண்மை. ஆனால் ஆய்வுகளில் தூக்கத்துக்குக் கொடுத்த அளவு ஒரு கிராமும் அதற்கு மேலும். ஒரு கோப்பைப் பாலில் அதில் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். நான் பாலை விடச் சொல்லாததற்கு வேறு காரணம் இருக்கிறது. பத்தரை மணிக்கு அந்தக் கோப்பையோடு பாட்டி வந்து பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருவார் அல்லவா? அந்தப் பத்து நிமிடம் பிள்ளை கையில் கைப்பேசி இருக்காது. அது வேண்டும்.

தூக்க மிட்டாய் வேண்டாம். அமெரிக்காவில் கடைகளில் விற்ற 25 மெலடோனின் மிட்டாய் வகைகளைச் சோதித்து 2023இல் வெளியிட்டார்கள். 22 வகைகளில் லேபிளில் போட்ட அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் போட்டதைப்போல மூன்றரை மடங்கு வரை இருந்தது. வளரும் பிள்ளைக்கு மெலடோனின் தேவையா, எவ்வளவு என்பது டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம்.

கோபமும் அழுகையும் பற்றி. மூன்றரை மணி நேரம் தூங்கி, மதியம் வரை வெறும் வயிற்றோடு இருக்கும் யாருக்கும் கோபம் வரும். சாப்பாட்டைச் சீராக்கினால் மனமும் கொஞ்சம் தெளிகிறது என்பதற்கும் சான்று உண்டு. ஆஸ்திரேலியாவில் 17 முதல் 35 வயது வரை, மனச்சோர்வு அறிகுறி உள்ள 76 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்குக் காய்கறி, பழம், மீன், முழுத்தானியம் என்று உணவை மாற்றிக் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் அவர்களின் அறிகுறிகள் குறைந்தன. 2019இல் வந்தது அது. ஆனால் எல்லாவற்றையும் சாப்பாட்டின் மேல் போட்டுவிட எனக்கு மனமில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை தொடர்ந்தால், தோழிகளோடு பேசுவதையே விட்டுவிட்டால், 'இருந்து என்ன பயன்' போன்ற வார்த்தை வந்தால், இந்த உணவுத் திட்டம் வேலை செய்யட்டும் என்று காத்திருக்காதீர்கள். பள்ளி ஆலோசக ஆசிரியரிடமும் டாக்டரிடமும் பேசுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசியான தாலியான் ஹீல் எண் 15555, நீங்களும் அழைக்கலாம், அவளும் அழைக்கலாம். சாப்பாட்டையே தவிர்க்கிறாள், எடை கூடும் என்று பயப்படுகிறாள் என்று தோன்றினாலும் அதைச் சொல்லுங்கள். பிள்ளை கேன்டீனில் எதுவும் வாங்காததற்குக் காரணம் காசா, நேரமா, வேறெதுவுமா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. எனக்கு அது கொஞ்சம் உறுத்துகிறது.

நீங்கள் ஷிஃப்டில் இருக்கும்போது இதையெல்லாம் எப்படிச் செய்வது? ஞாயிற்றுக்கிழமை பத்து முட்டையை அவித்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள், ஓடு உரிக்க வேண்டாம், ஒரு வாரம் தாங்கும். காலையில் முழுப் பசியாறலைத் திணிக்காமல் அரை வாழைப்பழத்தில் தொடங்குங்கள். ஓய்வு நேரத்துக்கு முட்டை ரொட்டி ஒன்றை அவளே கட்டிப் பையில் போட்டுக்கொள்ளட்டும். மதியத் தூக்கம் அரை மணி நேரம், நான்கு மணிக்கு முன் எழுந்துவிட வேண்டும். எழுப்பும் வேலை பாட்டிக்கு. ஆறரைச் சோற்றையும் பாட்டியே போட்டுவிடுவார், குழம்பு மட்டும் நீங்கள் முதல்நாளே வைத்துவிட்டால் போதும். படுக்கும் நேரத்தை ஒரேயடியாக 11க்குக் கொண்டுவர முடியாது. மூன்று நாளுக்கு ஒருமுறை இருபது நிமிடம் முன்னால் இழுங்கள். சனி, ஞாயிறு காலையில் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கட்டும், மதியம் வரை வேண்டாம். மீ ஆசையை அடியோடு மறுக்காதீர்கள். சனிக்கிழமை மதியம் முட்டையும் சாவிக் கீரையும் போட்டு நீங்களே கிண்டிக் கொடுங்கள்.

முதலில் கிளினிக். அடுத்த வாரம் உங்களுக்கு எந்த நாள் ஓய்வோ அன்றைக்கே போய்விடுங்கள். ஃபெரிட்டின் முடிவு வந்ததும் அந்த எண்ணையும், அவள் போட்ட கோட்டுத் தாளையும் எனக்கு அனுப்புங்கள். தாளை அவளே எழுதியதாக இருக்கட்டும்.